அம்மாவுக்கு மூச்சு வாங்குவது மலைக் காற்றாலா?

நுவரெலியாவுக்கு அப்பால், 6,000 அடிக்கும் மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

அம்மாவுக்கு 47 வயது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறார். ஏழெட்டு மாதமாக மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொழுந்து நிறுக்கும் இடம் வரை ஒரே நடையில் ஏறுபவர், இப்போது இரண்டு மூன்று இடத்தில் நின்று நின்று ஏறுகிறார். காலையில் சளியோடு இருமல். உடம்பும் மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருக்கிறதாம். மாதவிலக்கு சில மாதங்களில் இரண்டு தடவை வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், குருதியில் ஒட்சிசன் நிரம்பியிருக்கும் வீதத்தை விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிமீற்றர் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். அம்மாவின் விரலில் அது 94 காட்டுகிறது. 95க்குக் கீழே போனால் ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு வீடே பதறிப்போயிருக்கிறது. கடன் எடுத்து ஒட்சிசன் இயந்திரம் வாங்குவதா, அம்மாவைக் கொழும்புக்கே கூட்டிப் போவதா என்று அண்ணன் கேட்கிறார். செஸ்ட் கிளினிக் பக்கம் போனால் காசநோய் என்று சொல்லிவிடுவார்கள், தோட்டத்தில் வேலையும் போய்விடும் என்பது அப்பாவின் பயம். அம்மாவோ ஒரு நாள் பேர் (அந்த நாள் வேலையும் சம்பளமும்) போய்விடும் என்று எங்கேயும் வர மறுக்கிறார்.

கடைசியில் மாணவி கேட்கிறார்: "பாடத்தில் வாயுப் பரிமாற்றத்துக்கான இசைவாக்கங்கள் என்று படித்தோம். பெரிய மேற்பரப்பு, மெல்லிய சுவர், ஈரம், நிறைய மயிர்க்குழாய்கள். அம்மாவுக்கு இதில் எது கெட்டுப்போச்சு டொக்டர்? மலையில் ஒட்சிசன் குறைவு என்கிறார்களே, அதனால்தானா?"

மகள், நீங்கள் சொன்ன அந்த நான்கையும் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்ப்போம். ஆனால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மயிர்க்குழாய்க்குள் ஓடும் குருதியில், வந்து சேரும் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு போக ஈமோகுளோபின் போதிய அளவு இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது என் சந்தேகம் முதலில் போனது அந்த ஐந்தாவதன் மேல்தான்.

சுவாசப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகும்போது மூக்கில் ஏறும் காற்று எவ்வளவு குளிராக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்று மூக்கையும் வாதனாளி என்ற மூச்சுக் குழாயையும் கடப்பதற்குள் உடம்பின் 37 பாகைச் சூட்டுக்கு வந்து, ஈரமும் ஏறி, தூசும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. அதன்பின் குழாய்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகின்றன. ஏறத்தாழ 23 தடவை பிரிந்தபின் வருபவைதான் சிற்றறைகள் என்ற நுண்ணிய காற்றுப் பைகள். வளர்ந்த ஒருவருக்கு இவை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அத்தனையையும் விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர். பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்தால், ஆறு காம்பராக்களின் தரை முழுவதும் அம்மாவின் நெஞ்சுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

சிற்றறையின் காற்றுக்கும் மயிர்க்குழாயின் குருதிக்கும் நடுவே உள்ள தடுப்பு, ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியது. உள்ளே எப்போதும் ஈரப் படலம் இருக்கும். வெறும் நீராக இருந்தால் மேற்பரப்பு இழுவிசையால் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்க, சில கலங்கள் அந்த இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. சும்மா இருக்கும்போது ஒரு செங்குழியம் இந்த மயிர்க்குழாயைக் கடக்க எடுக்கும் நேரம் முக்கால் செக்கன். ஒட்சிசன் நிரம்புவதற்கோ கால் செக்கன் போதும். மேடு ஏறும்போது குருதி வேகமாக ஓடினாலும் நேரம் பற்றாமல் போவதில்லை.

இவ்வளவு மிச்சம் வைத்துக் கட்டப்பட்ட உறுப்பு இது. சுவாசப்பையில் ஒரு கோளாறு தொடங்கினால், அது வெளியே மூச்சு வாங்கலாகத் தெரிவதற்குள் உள்ளே நிறைய இழந்திருக்கலாம். ஏழெட்டு மாத மூச்சு வாங்கலை "வயசாகுது, மலை அப்படி" என்று விட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

மலைக் காற்றில் ஒட்சிசன் குறைவா?

காற்றில் ஒட்சிசனின் பங்கு காலிமுகத்திடலிலும் 21 வீதம்தான், பிதுருதலாகலை உச்சியிலும் 21 வீதம்தான். குறைவது வளியமுக்கம். கடல் மட்டத்தில் அது இரசம் 760 மில்லிமீற்றர். 6,128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 600ஐ ஒட்டி வரும், அதாவது ஐந்தில் நான்கு பங்கு. ஒட்சிசன் சிற்றறையிலிருந்து குருதிக்குப் பரவுவது அமுக்க வித்தியாசத்தால் என்பதால், அந்த உயரத்தில் தள்ளும் விசை கொஞ்சம் குறைகிறது. கொழும்பில் ஒருவரின் சிற்றறையில் ஒட்சிசன் அமுக்கம் 100 அளவில் இருந்தால், உங்கள் ஊரில் 70 அளவில் இருக்கும்.

இங்கேதான் ஈமோகுளோபினின் ஒரு குணம் நமக்குக் கை கொடுக்கிறது. அமுக்கம் 100இலிருந்து 70க்கு இறங்கினாலும், அதில் நிரம்பும் ஒட்சிசன் சில வீதம்தான் குறையும். 98 காட்ட வேண்டிய இடத்தில் 94, 95 என்று காட்டும். உங்கள் அம்மாவின் 94 அந்த உயரத்துக்கு ஏறத்தாழ இயல்பான அளவு. நீங்கள் படித்த 95 என்ற கணக்கு கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கானது. சந்தேகமாக இருந்தால் வீட்டில் எல்லோருடைய விரலிலும் மாட்டிப் பாருங்கள். கையைக் கழுவி, நன்றாகச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் பார்க்க வேண்டும். குளிரில் விறைத்த விரலிலும், பூச்சுப் பூசிய நகத்திலும் இந்தக் கருவி பிழையாகக் காட்டும்.

அம்மா பிறந்து வளர்ந்ததே அந்த மலையில்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே காற்றில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து சுமந்து ஏறியவருக்குக் கடந்த ஏழெட்டு மாதத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால், மாறியது மலை இல்லை.

விரல் கருவி சொல்லாத விஷயம்

அந்த 94 என்பது, உள்ள ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு பெண்ணின் 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராம் இருந்தால், 94 வீத நிரம்பலில் அந்த 100 மில்லிலீற்றரும் சுமார் 15 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொண்டு போகும். ஈமோகுளோபின் 7 கிராம் என்றால் 9 மில்லிலீற்றருக்கும் குறைவு. இரண்டு பேருடைய விரலிலும் கருவி ஒரே 94ஐத்தான் காட்டும். இரண்டாமவர் மேடு ஏறும்போது இதயம் வேகமாக அடித்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும், மூச்சும் வாங்கும். அவருடைய சிற்றறைகளில் ஒரு குறையும் இருக்காது.

அம்மாவுக்கு இரத்தச்சோகை இருக்கலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம், கடிதத்தில் நீங்கள் வேடிக்கையாக எழுதிய ஒரு வரி. சமைக்கும் முன்னால் அம்மா சுளகில் அரிசியைப் புடைக்கும்போது, வேகாத அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார், எத்தனை தடவை பேசினாலும் விடுவதில்லை என்கிறீர்கள். தயவுசெய்து அதற்காக அவரைப் பேசாதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி வேகாத அரிசி, மண், ஐஸ் என்று எதையாவது மெல்ல வேண்டும் என்ற ஆசை வருவது வைத்தியத்தில் நன்கு தெரிந்த அறிகுறி. அதோடு மாதத்தில் இரண்டு தடவை இரத்தப்போக்கு. சாப்பிட்ட கையோடு ஒரு பெரிய கோப்பை சாயம் (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் பழக்கம் வேறு. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கும். சாயத்தை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கொக்கிப்புழுவையும் மறக்கக்கூடாது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியாக ஏறி, குடலில் இருந்து குருதியை உறிஞ்சும் புழு இது. 1916இலேயே ரொக்பெல்லர் அறக்கட்டளையின் வைத்தியக் குழு மாத்தளைத் தோட்டங்களில் இதை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. இப்போது அந்தளவு இல்லை. ஆனாலும் புழு மருந்து கடைசியாக எப்போது குடித்தார் என்று வைத்தியர் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.

இரும்பு மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களே தொடங்க வேண்டாம். குருதிப் பரிசோதனை முதலில். நம் நாட்டில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஈமோகுளோபின் குறைவாகக் காட்டும், ஆனால் இரும்பு கொடுத்தால் சரியாகாது. இன்னொன்று: உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஈமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அறிக்கையில் 12ஐத் தொட்டிருந்தால்கூட, எந்த உயரத்தில் இருந்து வருகிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை

உங்கள் வீட்டுக் குசினிக்கு ஒரு சின்ன ஜன்னல்தான், குளிருக்காக அதையும் மூடி வைப்போம், ஈர மிலாறுதான் (வெட்டிய தேயிலைக் குச்சி) எரிக்கிறோம், கூரைத் தகரம் கரி பிடித்துப்போய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூரையில் படிந்த அந்தக் கரியை உண்டாக்கிய புகையைத்தான் அம்மாவும் காலையும் மாலையும் சுவாசிக்கிறார். சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வருவதற்கு விறகுப் புகை ஒரு முக்கிய காரணம். புகை, சளியை மேலே தள்ளும் நுண்ணிய பிசிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் காலையில் இருமி இருமிச் சளியை எடுக்க வேண்டியிருக்கிறது. வருடக் கணக்கில் போனால் குழாய்கள் சுருங்கும், சிற்றறைகளின் இடைச்சுவர்கள் உடைந்து சில பெரிய பைகளாகிவிடும். நீங்கள் கேட்ட பெரிய மேற்பரப்பு கெட்டுப்போவது இந்த வழியில்தான். உடைந்த சுவர் திரும்ப வளர்வதில்லை. ஆனால் புகையை நிறுத்தினால் மேலும் உடைவதைக் குறைக்கலாம், குழாய்களைத் தளர்த்த உறிஞ்சும் மருந்துகளும் இருக்கின்றன. இந்த நோய் இருக்கிறதா என்பதை ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெற்றிப் பரிசோதனை காட்டிவிடும்.

புகையில் காபனோரொட்சைட்டும் இருக்கிறது. ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் பலமானது. விரல் கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது, நன்றாக இருக்கிறது என்றே காட்டும். குளிருக்காக இரவில் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பழக்கம் உங்கள் லயத்தில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அண்ணன் கடன் எடுக்கத் தயாராக இருக்கிறார் என்றால், ஒட்சிசன் இயந்திரத்துக்குச் செலவழிக்க நினைத்ததில் ஒரு சிறு பங்கை அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைக்கச் செலவழிக்கலாம். மிலாறை மழையில் நனையாமல் அடுக்கிக் காயவைத்து எரிப்பதும், சமைக்கும்போது கதவைத் திறந்து வைப்பதும் காசில்லாமல் செய்யக்கூடியவை. முடிந்தால் காலைச் சமையலையாவது காஸ் அடுப்புக்கு மாற்றுங்கள்.

அப்பாவின் பயம்

இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அம்மா மெலிந்தும் இருக்கிறார். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள். காசநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் பரிசோதனை வேண்டும்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அரச செஸ்ட் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். ஒழுங்காக மருந்து தொடங்கி இரண்டு வாரம் அளவில் பெரும்பாலானோரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். நோய் உறுதியானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரக்கூடும், அதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் வருவது ஒரே கூரைக்குள் இருக்கும் உங்களையும் தம்பியையும் பரிசோதிக்க. லீவுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வேலையில் ஏதாவது நெருக்கடி வந்தால் தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். மருந்தில்லாமல் வீட்டுக்குள் இருமிக்கொண்டிருக்கும் காசநோய்தான் வேலையையும் பறிக்கும், பிள்ளைகளையும் பிடிக்கும்.

இயந்திரம், கொழும்பு, மூச்சுப் பயிற்சி

ஒட்சிசன் இப்போது வேண்டாம். அது மருந்து, அளவு பார்த்து வைத்தியர் எழுதித் தர வேண்டியது. இரத்தச்சோகைக்கு அது தீர்வும் இல்லை, நாட்பட்ட அடைப்பு நோயுள்ள சிலருக்கு அளவு மீறினால் காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கிவிடும். விறகடுப்பு எரியும் வீட்டில் ஒட்சிசன் வைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

கொழும்புக்குக் கூட்டிப் போனால் கருவி 97, 98 என்று காட்டும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவீர்கள். எனக்குப் பயமே அதுதான். எண் ஏறும், ஈமோகுளோபின் ஏறாது, நோய் அப்படியே இருக்கும்.

மூச்சுப் பயிற்சி செய்தால் போதாதா என்றால், அதனால் சிற்றறைகளின் எண்ணிக்கை அதிகமாகாது. ஆனால் ஏறும்போது மூச்சு விடும் விதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலீற்றர் காற்று குழாய்களிலேயே நின்றுவிடும், சிற்றறைக்குப் போகாது. நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 15 மூச்சு எடுத்தால் 5,250 மில்லிலீற்றர் சிற்றறைக்குப் போகும். அதே காற்றை 250 வீதம் 30 குட்டி மூச்சுகளாக எடுத்தால் 3,000தான் போகும். அதனால் மூச்சு வாங்கினால் சுமையை இறக்கி வைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். குணமாகும் வரை இது ஒரு உதவி, அவ்வளவுதான்.

சரி, இனி அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது? அவர் சொல்லும் ஒரு நாள் பேர் சின்ன விஷயம் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் பஸ் காசும் இருக்கிறது. ஆகவே ஒரே நாளில் முடிந்த மட்டும் முடிப்போம். தோட்ட மருந்தகத்தில் வைத்தியசாலைக்கான துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, காலையிலேயே நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். விடிந்ததும் எழும்பி முதலில் இருமி எடுத்த சளியைக் கொண்டுபோக ஒரு போத்தலை மருந்தகத்திலேயே கேட்டு வாங்கலாம். முழுக் குருதிப் பரிசோதனை, சளி, நெஞ்சு எக்ஸ்ரே, ஈசீஜீ, இந்த நான்கையும் கேளுங்கள். இதயத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வயதில் வால்வுக் கோளாறும் இதே மாதிரி மூச்சு வாங்க வைக்கும். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஸ்பைரோமெற்றிக்கு வேறு நாள் தரலாம். மாதவிலக்கு விஷயத்தை அம்மா ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுவார், நீங்கள் கூடவே இருந்து சொல்லுங்கள்.

நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. சும்மா இருக்கும்போதே ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, நெஞ்சு வலி, சளியில் இரத்தம், நினைவு தடுமாறுவது, சூடான விரலிலும் கருவி 90க்குக் கீழே காட்டுவது. இதில் எது வந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்துக்கு வரும் பாதை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வாய் வராது.

குருதி அறிக்கை கைக்கு வந்ததும் ஈமோகுளோபின், எம்.சீ.வி. (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) என்ற இரண்டு எண்களையும், சளிப் பரிசோதனையின் முடிவையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அண்ணன் எந்த இயந்திரத்துக்கும் முற்பணம் கட்ட வேண்டாம்.